விழாத மலைக்கு ஓர் அசனம்

அன்று காலை வெயில் அடித்தது. அடித்திருக்கக் கூடாத வெயில்.

வண்டன்மேட்டுக்கு அப்பால், ஏலக்காட்டுக்குள் இருக்கும் ஓர் எஸ்டேட். பெயர் வேண்டாம், ஓய்வூதியக்காரன் உடம்புக்கு வக்கீல் நோட்டீஸ் ஒத்துக்கொள்ளாது. ஆடி மாதம். நிவாரண முகாமிலிருந்து கீழ் லயத்து ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். லயம் என்றால், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளர் வீடுகள். தலையில் துணி மூட்டை, இடுப்பில் குடம், கக்கத்தில் ஈரப் பாய். முகாமின் ஃபினாயில் வாடை அவர்களோடு நடந்து வந்தது.

லயத்துக்குப் பின்னால் மலை அப்படியே நின்றது. ஒரு கல் உருளவில்லை. ஒரு மரம் சாயவில்லை. மழையில் குளித்துத் தலை துவட்டியதுபோல் பளபளவென்று இருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் எல்லாப் பதிவேட்டையும் எடுத்து நீட்டும் குமாஸ்தாவின் முகத்தில் ஒரு தெம்பு தெரியுமே, அது அந்த மலையில் தெரிந்தது.

அப்போது நான் அந்த மலைப்பக்கத்துத் தாலுகாவில் துணைத் தாசில்தார். பேரிடர் மேசை என் பொறுப்பு. ஜனங்களை முகாமுக்கு மாற்ற உத்தரவு தயாரித்தவன் நான். மாற்றச் சொல்லி மன்றாடியவர் ஓடைப் பாலத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மேபல் டீச்சர். பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியை. பிறந்து வளர்ந்தது இதே கீழ் லயத்தில்.

போகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலம் ஒன்றுதானே.

“டீச்சர், மலை உங்கள ரொம்பக் கேட்டதாச் சொல்லுச்சு!” என்றார் ஒருவர்.

“அதுக்கும் ஒரு பாய் கொண்டாந்து போடுங்கப்பா. மூணு நாளா நின்னுக்கிட்டே இருக்கு, கால் வலிக்காதா?” என்றார் பின்னால் வந்தவர்.

பாலமே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. மேலதிகாரி நம்மைக் கிண்டல் செய்யும்போது நாம் சிரிப்போமே, அது.

கடைசியாக வந்தவர் தங்கபுஷ்பம். டீச்சரின் அக்கா. தாய் சீக்கிரம் போய்விட்ட வீட்டில் தங்கையை வளர்த்து, ஏலக்காய் பறித்துப் படிக்க வைத்தவர். யாரோடும் பேசாமல் வீட்டுக்குள் போனார். பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிடி இறகு.

“மலை விழல சார்,” என்றார் என்னிடம். “என் கோழிக மேல மரநாய்தான் விழுந்திருக்கு.”

பிறகு தங்கையிடம் திரும்பினார். “எட்டி மேபலு, இனிமே உன் கணக்கத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வராத, ஆமா. அடுத்த மழைக்கு நான் இந்த வாசல விட்டு எறங்கினா, என்னைய ஏன்னு கேளு.”

டீச்சர் ஜீப்பில் இறங்கி வரும்போது, கம்பம்மெட்டு தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“கோழிய நான் யோசிக்கவே இல்ல சார்.”

மலை விழாததில் அவருக்கு வருத்தம் இல்லை. சொல்லப்போனால் ரொம்ப சந்தோஷம். ஆனால் புஷ்பம் அக்கா சொன்னால் சொன்னதுதான். அவர் இறங்கவில்லை என்றால் லயத்தில் பாதிப் பேர் இறங்க மாட்டார்கள். அடுத்த மழையில் மலை என்ன செய்யும் என்று அக்காவுக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது. அக்கா மட்டும் தெரிந்ததுபோல் பேசுவார்.

‘தெரியாது’ என்று சொல்ல ஒரு படிப்பு

சென்ற வாரம் பட்டா மாறுதலின் படிநிலைகளை நான் விவரித்ததைப் படித்துவிட்டு, “ஐயா, உருப்படியாக எதையாவது எழுதக் கூடாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பட்டா மாறுதலை விட உருப்படியான விஷயம் உலகத்தில் உண்டா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இருந்தாலும் அவருக்காக இந்த வாரம் மேபல் டீச்சர்.

அவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது, எப்போதோ ஒருமுறை நடக்கிற காரியங்களை. தினமும் நடப்பதை எவனும் எண்ணிவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை நடப்பதற்குச் சராசரி போடலாம். நாலு தலைமுறைக்கு ஒருமுறை நடப்பதை எப்படி எண்ணுவது? அது நடக்கும் வரைக்கும் இல்லை. நடந்த பிறகு எண்ண ஆள் இல்லை. இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை அயல்நாடுகளில் படித்தார்களாம். அவருடைய கல்லூரியில் அவரை ஆசிரியர்களின் விடுப்புக் கணக்கு பார்க்கப் போட்டிருந்தார்கள்.

ஒருமுறை தொலைக்காட்சியில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெருமழைக் காலம். “இந்த வருடம் ஆபத்து எத்தனை சதவீதம்?” என்று கேட்டார்கள். “தெரியாது,” என்றார். “சுமாராக?” என்றார்கள். “சுமாராகவும் தெரியாது. ஆனா என்ன செய்யணும்னு தெரியும்,” என்றார். அதற்குள் விளம்பர இடைவேளை. இடைவேளை முடிந்தபோது அவருடைய நாற்காலியில் ஒரு ஜோதிடர் இருந்தார். அவருக்குச் சதவீதம் தெரிந்திருந்தது.

‘கண்டிப்பா’ என்ற சொல் டீச்சர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் மட்டும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். கௌரவமானவர்கள் இரண்டாம் பந்திக்கு நிற்பார்களே என்று ஒருமுறை ஜாடையாகச் சொன்னேன்.

“ரெண்டாம் பந்திக்குப் பாயசம் இருக்கும்னு யார் சார் எழுதிக் குடுத்திருக்கா?” என்றார்.

அவர் என் மேசைக்கு முதன்முதலில் வந்தது கீழ் லயத்துக்காக. எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘இவ்விடத்தில் முன்பு மண்சரிவு நிகழ்ந்துள்ளதா?’ இல்லை என்று எழுதினால், கீழே தானாக ‘ஆபத்து குறைவு’ என்று வந்து நிற்கும். வில்லேஜ் ஆபீஸர் இல்லை என்றே எழுதியிருந்தார். பொய் இல்லை. யார் நினைவிலும் அந்த மலை சரிந்ததில்லை.

டீச்சர் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“இதுவரைக்கும் சாகாதவனுக்குச் சாவு கிடையாதுன்னு எழுதின மாதிரி இருக்கு சார்.”

“படிவம் அப்படிங்க,” என்றேன்.

“மலை பழசு. ஆனா அடிவாரத்துல மண்ணை வெட்டி ஜீப் ரோடு போட்டிருக்காங்களே, அது புதுசு. மேல நிழல் மரத்தை வெட்டினது புதுசு. பழைய மலையோட சரித்திரம் இந்த மலைக்குச் செல்லுமா?”

நான் பல வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன். பழைய சர்வே எண்ணைக் கொண்டுவந்து புது நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் சட்டென்று புரிந்தது. மலையும் உட்பிரிவு ஆகிவிட்டது. பழைய பட்டா செல்லாது.

லயத்தையே வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கோப்பு இருக்கிறது. எஸ்டேட், அரசாங்கம் கட்டித்தரட்டும் என்கிறது. அரசாங்கம், எஸ்டேட் இடம் தரட்டும் என்கிறது. கோப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதற்கு எந்த மழையிலும் ஆபத்தில்லை.

பூ நிற்குமா?

நடுவில் எங்கள் ஊருக்கு ஒரு நடை போய்வருவோம். நான் பொள்ளாச்சிக்கு அடுத்த மீனாட்சிபுரத்துக்காரன். நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது டீச்சர் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மச்சான் பழனிச்சாமி, மனைவியின் தம்பி, முதலமடையில் மாந்தோப்புக் குத்தகை எடுக்கிறவர். பூ பார்த்து விலை பேசுவது அங்கே வழக்கம். காய் வருமா என்று பார்த்துப் பேசுவதில்லை. மரம் பூத்திருக்கும்போதே மொத்தத் தோப்புக்கும் பேசி முடித்துவிடுவார்கள். பிறகு ஒரு காலம் தப்பிய மழை, ஒரு பனி, ஒரு பூச்சி, எது வந்தாலும் பேசினவன் பாடு.

மச்சான் டீச்சரைத் தோப்புக்குக் கூட்டிப்போனார். மரம் முழுக்கப் பூ. தேன் வாசனையோடு லேசான புளிப்பு. நடந்தால் சட்டையெல்லாம் மகரந்தம்.

“ஏனுங் டீச்சர், நீங்க பெரிய படிப்பு படிச்சவிய. இந்த வருசம் பூ நிக்குமுங்களா?”

“தெரியாதுங்க.”

மச்சான் என்னைப் பார்த்தார். “தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குங் மாமா இத்தன படிப்பு? அதைய நானே சொல்லுவனே!”

“சொல்லுவீங்களா?” என்றார் டீச்சர். “இப்பச் சொல்லுங்க பார்ப்போம். பூ நிக்குமா?”

“நிக்குமுங்க.”

“பாத்தீங்களா, சொல்ல வரல.”

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. டீச்சர் தணிந்த குரலில் சொன்னார்: “பூ நிக்குமான்னு என்னையக் கேக்காதீங்க. நிக்கலைன்னா நீங்க நிப்பீங்களான்னு உங்களைக் கேட்டுக்கங்க. அதுக்குப் பதில் உங்களுக்கே தெரியும். எல்லாத்தையும் ஒரே தோப்புல போடாதீங்க.”

மச்சான் எல்லாவற்றையும் அந்த ஒரே தோப்பில்தான் போட்டார். பூ நின்றது. காய் கொட்டியது. லாரி லாரியாகப் போனது. அடுத்த முறை டீச்சரைப் பார்த்தபோது ஒரு கூடை பழம் கொடுத்துவிட்டு, “உங்க பேச்சக் கேட்டிருந்தா இதுல பாதிதானுங்க,” என்றார்.

“ரொம்ப நல்லதுங்க,” என்றார் டீச்சர். “ஆனா நல்லா முடிஞ்சது வேற, நல்ல முடிவு வேற.”

பழம் நன்றாக இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். மச்சான் இப்போது மூன்று வேறு வேறு பக்கத்தில் தோப்பு எடுக்கிறார். ஏன் என்று கேட்டால், “சும்மாதானுங்க மாமா,” என்கிறார்.

பூட்டும் கோழியும்

முகாம் நடந்த மறு வருடம், ஈஸ்டர் முடிந்த வாரம், டீச்சர் அக்காவைப் பார்க்கப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார். அரசாங்க ஆள் கூட இருந்தால் அக்கா கொஞ்சம் அடக்கிப் பேசுவார் என்று நினைத்திருக்கலாம். புள்ளியியலில் இதை நம்பிக்கை இடைவெளி என்பார்கள் என்று பிறகு அவரே சொன்னார். கேலிதான்.

அடுப்பில் ஏலக்காய்த் தோல் போட்ட, பால் விடாத கட்டன் சாயா. அக்கா புதுக் கோழிகள் வாங்கியிருந்தார். அவை எங்கள் காலுக்கு நடுவே நடந்தன.

“யக்கா, தினமும் ராத்திரி கதவப் பூட்டுத இல்ல?”

“பூட்டாம?”

“திருடன் வந்திருக்கானா?”

“இங்கன எதுக்கு வாரான்? ஏலக்காயெல்லாம் ஸ்டோர்லல்லா இருக்கு.”

“வராதவனுக்கு எதுக்குப் பூட்டு?”

அக்கா ஒரு வாய் சாயா குடித்தார்.

“எட்டி, பூட்டு அதுபாட்டுக்குக் கதவுல தொங்குது. நீ என்னையல்லா முகாம்ல தொங்கச் சொல்லுத? மூணு நாள் அந்த ஹால்ல கெடந்தோம். அரிசி அவன் போட்டது, கொழம்பு அவன் ஊத்துனது, எப்ப வெளக்க அணைக்கணும்ங்கறதும் அவன் சொல்லுதது. கோழி கூடாது, ஆடு கூடாது, அடுப்பு கூடாது. என்ன சார், நான் சொல்லுதது சரிதான?”

சரிதான். முகாம் விதிகளில் கால்நடைக்கு இடமில்லை. அவற்றுக்குத் தனிப் படிவம், தனித் துறை, தனி டாக்டர்.

“செத்தா என் வீட்ல சாவேன்,” என்று முடித்தார் அக்கா. “அப்பாவும் இங்கனதான் செத்தாவ.”

டீச்சர் திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தில் நின்றார். மேலே மலை. கீழே, ஓடைக்கு இறங்கும் கல் படிக்கட்டு. எதிர்ப்பக்கத்து மேட்டில் அரசுப் பள்ளிக்கூடம். பாறை மேல் கட்டியது, எந்தச் சரிவுக்கும் சம்பந்தமில்லாதது.

“இத்தனை வருஷமா நான் தப்பான கணக்கப் போட்டிருக்கேன் சார். ஆபத்து எவ்வளவுன்னு சொன்னா ஜனங்க நகருவாங்கன்னு நினைச்சேன். அக்கா பயப்பட மாட்டா. பயப்பட வச்சாத்தான் நகருவாங்கன்னா, அடுத்தடுத்து பயம் காட்டிக்கிட்டே இருக்கணும். விழாத ஒவ்வொரு வருஷமும் பயம் பாதியாயிரும். விழுற வருஷத்துல ஒண்ணுமே மிச்சம் இருக்காது.”

“அப்ப என்ன பண்றதுங்க?”

“பயப்படாமலே நகரணும். நம்பாமலே நகரணும். எதுக்காக அக்கா எப்பக் கூப்பிட்டாலும் வீட்டைப் பூட்டிட்டு வருவா?”

பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: “அசனம்.”

காகிதத்தில் ஒத்திகை

எங்கள் கொங்குப் பக்கத்து வாசகர்களுக்காக: கீழ் லயத்தாரின் பூர்வீகம் திருநெல்வேலி; அசனம் என்பது அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக்காரர்களின் சமபந்திச் சாப்பாடு. ஆலயப் பண்டிகையின்போது வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, நேர்ந்துவிட்ட ஆட்டை அடித்து, பெரிய அண்டாவில் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அசனச் சோற்றை வேண்டாம் என்று சொல்லும் ஆள் அந்த ஜனத்தில் கிடையாது. சண்டை போட்டுப் பல வருடம் பேசாதவர்கள்கூட ஒரே வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். பேச மாட்டார்கள், சாப்பிடுவார்கள்.

கீழ் லயத்து அசனம் தை மாதத்தில் நடக்கும். டீச்சர் கேட்டது, ஆடியில் இன்னொன்று. அதுவும் பள்ளிக்கூட மேட்டில். அதுவும் தேதி இல்லாமல்: ஓடைப் படிக்கட்டின் மேல்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டால் அன்றைக்கு அசனம். ஆடு, கோழி, பானை, சட்டி எல்லாவற்றோடும் ஏறுவது. தண்ணீர் படியைவிட்டு இறங்கி, ஒருநாள் முழுக்க வெயில் காய்ந்த பிறகுதான் இறங்குவது.

சபை மூப்பர் ஆசீர்வாதம், ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் வேலை செய்பவர். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“மழைல வெறகு எப்படிம்மா எரியும்?”

“சித்திரையிலேயே வெட்டி ஸ்கூல் பரண்ல அடுக்கிருவோம் அண்ணே.”

“தேதி இல்லாம பண்டிகை உண்டா?”

“கல்யாணத்துக்குத் தேதி உண்டு. பிரசவத்துக்கு உண்டா? வலி வந்தா எல்லாரும் ஓடல?”

மூப்பர் சிரித்துவிட்டார். “மலை விழும்னு சொல்லித்தான கூப்பிடுத?”

“விழும்னு நான் சொல்லவே மாட்டேன். விழுந்தா அன்னைக்கு நாம அங்கன இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான். இதை மறைச்சுக் கூப்பிடல, எல்லாருக்கும் சொல்லித்தான் கூப்பிடுதேன். நம்பினவனும் வரட்டும், நம்பாதவனும் வரட்டும். நம்பாதவனுக்குக் கறி ஒரு துண்டு கூடுதல்.”

அங்கேதான் என் உபயோகம் வந்தது. அரசுப் பள்ளியில் சபைப் பண்டிகை நடத்த அனுமதி கிடையாது. கேட்டால் மறுப்பு வரும், அதுவும் மழைக்காலம் முடிந்த பிறகு வரும். நிவாரண முகாம் திறக்கலாம். ஆனால் அதற்கு மேலிடத்து எச்சரிக்கை, அறிக்கை, உத்தரவு வேண்டும். முகாம் என்று ஆகிவிட்டால் கோழிக்கும் அடுப்புக்கும் தடை. ஆனால் பேரிடர் ஒத்திகை என்று ஒன்று உண்டு. ஊர்ஜனங்களை எங்கே எப்படி நகர்த்துவது என்று நடத்திப் பார்ப்பது. அதைப் பள்ளிக்கூடத்தில் நடத்தலாம். நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கையே இருக்கிறது. யாரும் நடத்துவதில்லை என்பதால் யாரும் தடுப்பதும் இல்லை. எவ்வளவு நேரம் நடத்த வேண்டும் என்று அதில் போடவில்லை. கோழி கலந்துகொள்ளக் கூடாது என்றும் போடவில்லை. பங்கேற்பாளருக்குச் சிற்றுண்டி வழங்கலாம் என்று மட்டும் போட்டிருக்கிறது. அண்டாவில் ஆக்கிய ஆட்டுக்கறியும் சோறும் சிற்றுண்டியா என்றால், அது பசியைப் பொறுத்தது.

தலைமையாசிரியர் ஒப்புதல் தந்தார். நான் எழுதினேன். காகிதத்தில் ஒத்திகை, இலையில் அசனம். இரண்டும் உண்மை. என் பணிக்காலத்தில் நான் எழுதிய குறிப்புகளில் முழு உண்மை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

தேதி இல்லாத பண்டிகை

அந்த ஆடியில் தண்ணீர் மேல்படியைத் தொட்டது. ஆலய மணி அடித்தது. டீச்சரும் நானும் முன்கூட்டியே வந்து பாலத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தோம். குடைக்குள்ளும் மழை.

ஒவ்வொரு குடும்பமாக வந்தது. ஆடு முரண்டு பிடித்தது. அண்டாவைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு இருவர் நடந்தார்கள். மழை அதன்மேல் மேளம் கொட்டியது. புஷ்பம் அக்காவின் கதவு மட்டும் திறக்கவில்லை.

டீச்சர் கூப்பிடவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கணக்கெல்லாம் தீர்ந்துபோன ஒரு முகத்தை அன்றுதான் அவரிடம் பார்த்தேன்.

கடைசியில் கதவு திறந்தது. அக்கா வந்தார். தலையில் வாயைத் துணியால் கட்டிய பஞ்சாரக் கூடை, அதற்குள் கோழிகள், எல்லாம் சேர்ந்து ஒரே கூச்சல். கையில் ஒரு நீளக் கரண்டி.

“ஆசீர்வாதம் பொண்டாட்டி கறிக்கொழம்பு வச்சா அதத் திங்க முடியாது,” என்றார் எங்களைப் பார்க்காமலே. “அதுக்குத்தான் வாரேன். மலைக்காக இல்ல.”

“சரிக்கா,” என்றார் டீச்சர்.

மலை விழவில்லை. அடுத்த வருடமும் விழவில்லை. ஒரு வருடம் தண்ணீர் படியைத் தொடவே இல்லை, அசனம் இல்லாமல் போனதே என்று குறைப்பட்டார்கள். இன்னொரு வருடம் அடுத்தடுத்துத் தொட்டது. இரண்டாவது தடவை ஆட்டுக்கு வழியில்லாமல் கருவாட்டுக் குழம்பு. பள்ளிக்கூட வராந்தாவில் ஈர ஆட்டு வாடை, விறகுப் புகை, பெஞ்சுகளுக்கு அடியில் கோழி. சீட்டாட்டம், ஜெபம், சண்டை எல்லாம் அந்தந்த நேரத்துக்கு நடந்தன. நான் ஓய்வு பெற்ற பிறகும் போனேன். ஒத்திகையைப் பார்வையிட யாராவது வேண்டுமே.

ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது டீச்சரிடம் கேட்டேன். “கடைசி வரைக்கும் மலை விழவே இல்லைன்னா, நீங்க சொன்னது சரியா தப்பான்னு தெரியாமலே போயிருங்களே?”

“போகட்டும் சார். தெரியணும்னா அது விழணும். எனக்குத் தெரிஞ்சுக்கிறதுல அவ்வளவு ஆசை இல்ல.”

இந்த ஆடி

டீச்சர் போன மாசியில் காலமானார். பாலக்காட்டில், நல்ல வெயில் நாளில், மாரடைப்பு. அபூர்வமான எதுவும் இல்லாத சாவு. அவருடைய வயதில் எல்லாருக்கும் வருவது. அவருக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்காது.

லயத்துக் கல்லறையில் அடக்கம் செய்யக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். அது சரிவில் இருக்கிறதாம். பாலக்காட்டிலேயே சமநிலத்தில் அடக்கம் நடந்தது. புஷ்பம் அக்கா அழுதுகொண்டே திட்டினார். “மண்ணுக்குள்ள போனப்புறமும் மண்ணு சரியும்ன்னு பயந்தாளே, சவம்!” இந்த வார்த்தையை அந்த ஜில்லாக்காரர்கள் பாசத்திலும் சொல்வார்கள். அன்று இரண்டும் இருந்தது.

பிறகு ஆடி வந்தது. மழை கொட்டுவதாகச் செய்தி. முன்பெல்லாம் செய்தி வந்த உடனே டீச்சர் அக்காவுக்குப் போன் போடுவார். படியைப் பார்த்தியா, விறகு காய்ஞ்சிருக்கா என்று குடைவார். இந்த முறை போன் போட ஆள் இல்லை. நான் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மூப்பருக்குப் போட்டேன். அதே பதில்.

தங்கை சொல்லுக்காக வந்தவர் அக்கா. தங்கை இல்லை. இனி எதற்கு வருவார்? வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. “இந்த மழைலயா?” என்றாள் மனைவி. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிப் போனேன். கம்பம் வரை சாலை காய்ந்து கிடந்தது. மெட்டு ஏறியதும் மேகத்துக்குள் நுழைந்த ஜீப் அதை விட்டு வெளியே வரவே இல்லை.

பிற்பகலில் ஓடைப் பாலத்தை அடைந்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் மேல்படியைத் தாண்டிக்கொண்டிருந்தது. லயத்தைப் பார்த்தேன். புகை இல்லை. மழையில் அடுப்பு மூட்டாமல் படுத்திருக்கலாம். பாலத்தைக் கடந்து போனேன். போயிருக்கக் கூடாது, எந்தச் சுற்றறிக்கைப்படி பார்த்தாலும் கூடாது. போனேன்.

முதல் கதவில் பூட்டு. அடுத்ததிலும் பூட்டு. வரிசை முழுக்கப் பூட்டு தொங்கியது. புஷ்பம் அக்காவின் கதவிலும். பூட்டினவர் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போகவில்லை என்று எப்படித் தெரியும் என்று, இத்தனை காலம் டீச்சரோடு பழகிய புத்தி கேட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கோழிக்கூடு திறந்து கிடந்தது. உள்ளே காய்ந்த வைக்கோல். ஒரு கோழி இல்லை. ஓர் இறகுகூட இல்லை.

மலை மேகத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. விழவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பள்ளிக்கூட மேட்டில் புகை. கறிக்குழம்பு வாசனை பாதி வழியிலேயே வந்து என்னைக் கூட்டிப்போனது. வராந்தாவில் அண்டா முன்னால் புஷ்பம் அக்கா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நீளக் கரண்டியோடு.

“வாங்க சார். நனைஞ்ச கோழி மாதிரில்லா வந்திருக்கீய.”

“போன் போட்டனுங்க. கிடைக்கல.”

“டவர் விழுந்துட்டு.”

“யார் மணி அடிச்சது?”

“நான்தான். ஆசீர்வாதம் படிய எட்டிப் பாத்துக்கிட்டே நிக்காரு, தொட்டுச்சா தொடலையான்னு. இன்னும் ஒரு விரல்கட இருக்குங்காரு. அடப் போரும்னு நான் போய் அடிச்சிட்டேன்.” கரண்டியால் ஒரு துளி குழம்பைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். “கீழ போய்ப் பாத்தீயளோ? மலை விழுந்துட்டா?”

“இல்லைங்க. நிக்குது.”

“நிக்கும். எனக்குத் தெரியாதா? நான் பொறந்ததுல இருந்து பாக்கேன். இந்த மலை விழாது சார். மேபலுட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன். விழவே விழாது.”

காலடியில் பஞ்சாரத்துக்குள் கோழிகள் முனகின. அவர் குனிந்து, பஞ்சாரத்தின் மேல் வைத்திருந்த கல்லைச் சரியாக நகர்த்தி வைத்தார். பிறகு ஒரு இலையை எடுத்து உதறி, சுவரோரம் விரித்தார்.

“உக்காருங்க. மொதப் பந்தி.”